பூனையின் காலுக்கு உப்பு ஒத்தடம்

சுபஹு தொழுதுவிட்டு வந்து பாணைப் பிய்த்துச் சம்பலில் ஒற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பூனை கத்தியது. கத்தியது என்று எழுதிவிட்டேன், ஆனால் அதற்கு வேறு ஏதாவது சொல் வேண்டும். ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டிலிருந்த அந்தப் பூனை சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. மீன் வெட்டும்போதுகூட வாயை மட்டும் திறந்து காட்டும், உள்ளேயிருந்து காற்றுத்தான் வரும். "வீட்டுல ஒருத்தராவது வாய மூடிக்கொண்டு இரிக்கட்டும் எண்டுதான் உங்கட வாப்பா இந்த ஊமையைத் தந்திட்டுப் போயிருக்கிறார்" என்று மனைவியை நான் சீண்டுவதுண்டு. அந்த ஊமை அன்று கத்திய கத்தில் அடுத்த வளவுக் கோழிகள் மதிலில் ஏறிவிட்டன.

நான் கதிரையில் ஏறிவிட்டேன்.

இதை மறைக்கப் போவதில்லை. பூனை கத்தினால் பாம்பு, பாம்பு என்றால் உயரம். என் மூளை இந்த ஒரு கணக்கைத்தான் போட்டது. ஐம்பத்திரண்டு வயது, எண்பத்தைந்து கிலோ, ஒரு கையில் பாண் துண்டு, மறுகையில் அவிழ்ந்துபோன சாரன். மனைவி வெறுங்காலோடு குசினிப் பக்கம் ஓடினாள். கதிரையில் நின்றபடியே நான் "கவனம் புள்ள, கவனம்" என்று அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. குசினி வாசலில் பூனை முன்னங்கால் இரண்டையும் ஊன்றித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வந்தது. பின்னங்கால் இரண்டும் நனைந்த சீலை மாதிரிப் பின்னால் இழுபட்டு வந்தன. நாலு எட்டு இழுக்கும், நிற்கும், கத்தும். கால் சதை தோலுக்குள்ளே துடித்தது, பிறகு விறைத்து நீட்டிக்கொண்டது, பிறகு மறுபடி துடித்தது. முதல் நாள் பின்னேரம் அசருக்கு இதே பூனை அலுமாரி மேலிருந்து என் பிடரியில் குதித்தது. எங்கும் விழவில்லை, நாய் ஒன்றும் கடிக்கவில்லை, ஒரு காயமும் இல்லை.

நான் கதிரையிலிருந்து இறங்கி வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன். வைத்தியம் என்றால் வாய் வைத்தியம்தான். வாதம் என்றேன், முள்ளந்தண்டு என்றேன், கண்ணூறு என்றேன், யாரோ விஷம் வைத்துவிட்டான் என்றேன். விஷம் வைத்தவன் யார் என்றுகூட ஒரு மனிதரை நினைத்து வைத்துவிட்டேன். பாவம், அவர் அந்தக் கிழமை உம்ரா யாத்திரையில் இருந்தார். பிறகு ஓட்டோக்காரனுக்கு அழைப்பு எடுத்தேன்.

"தம்பி, உடனே வா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். பின்னங்கால் ரெண்டும் வேலை செய்யுதில்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நானா, விடிஞ்சதும் தொடங்கிட்டீங்களா? பின்னங்கால் வேலை செய்யாட்டி, முன்னங்காலாலயா டயல் பண்றீங்க?"

பிழை அவனுடையதல்ல. போன நோன்புக்கு முந்திய மாதம், பிரசவ வலி என்று சொல்லி இதே பொடியனை நான் பதறியடித்து வரவைத்தேன். வந்து பார்த்தால் ஆடு. ஊரில் எனக்கு அப்படி ஒரு பெயர். என் வாயால் அவசரம் என்று ஒரு சொல் வந்தால் எல்லோரும் முதலில் சிரித்து முடித்துவிட்டுத்தான் என்னவென்று கேட்பார்கள். பூனையின் கத்தலைத் தொலைபேசிக்குள் விட்டேன். அவன் சிரிப்பு நின்றது. "ஸ்கூல் புள்ளயள எறக்கிட்டு வாறன் நானா. ஒரு மணித்தியாலம்."

அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் எல்லாம் நடந்தது.

மனைவி நிலத்தில் உட்கார்ந்து பூனையை மடியில் எடுத்தாள். பின்னங்காலைத் தடவினாள். "இஞ்சப் பாருங்க, காலெல்லாம் பச்சத் தண்ணி மாதிரிக் குளுந்து கிடக்கு. சதை கல்லு மாதிரி இறுகிப்போய் இருக்கு." இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "கெண்டை பிடிச்சிருக்கு. வேற ஒண்டுமில்ல. கெண்டைதான்."

அவள் சொன்னதை நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. அவளுக்குக் கெண்டை தெரியும். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டிவிட, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அங்கே புடவைக் கடை வைத்திருந்த அவளுடைய வாப்பா, இங்கே உப்பளத்தில் கூலிக்கு நின்றார். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று வருபவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். முகாம் கொட்டிலில் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "மகள், உப்பு" என்பாராம். கல்லுப்பைச் சட்டியில் வறுத்து, பழைய சாரன் துண்டில் முடிந்து, இறுகிய சதையில் வைத்து வைத்து எடுப்பது இவளுடைய வேலை. பத்து நிமிஷத்தில் சதை இளகும், அவர் இவளுடைய தலையைத் தடவிவிட்டு எழும்புவார். வேறு மருந்து அவர்களிடம் இருக்கவில்லை. இருந்த அந்த ஒன்றும் ஒரு நாளும் கைவிடவில்லை.

சண்டை முடிந்த பிறகு அவளுடைய வாப்பாவும் நானாமாரும் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். இவள் எனக்கு வாக்கப்பட்டதால் இங்கே மிஞ்சினாள். லொறியில் சாமான் ஏற்றிய அன்று வாப்பா இந்தப் பூனையைக் குட்டியாக இவளுடைய மடியில் போட்டார். "காடாக் கிடக்கிற காணிக்கு இதைக் கொண்டுபோய் என்ன செய்ய? நீ பாத்துக்கொள்ளு." இரண்டு வருஷத்தில் அங்கே அவர் மௌத்தானார். ஜனாஸா அடக்க முதல் இவள் போய்ச் சேரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. இவ்வளவுதான், இதற்கு மேல் இந்தப் பூனை யார் என்று நான் விளக்கத் தேவையில்லை.

உப்பை வறுத்தாள், முடிந்தாள், வைத்தாள். நான் பூனையின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டேன். பிறாண்டும், கடிக்கும் என்று முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடியிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அது காலை இழுக்கவுமில்லை.

"பாத்தீங்களா, சுகமாக் கிடக்கு" என்றாள்.

"அட, உங்கட வாப்பா பெரிய ஹக்கீம்தான்" என்றேன். "இன்னுங் கொஞ்சம் சூடாக்கு புள்ள. நல்லா இறங்கட்டும்."

அந்த வசனம் என்னுடையது. மூன்று தடவை வறுத்தோம். மூன்றாம் தடவை முடிச்சை எடுத்துக் கொடுக்கும்போது எனக்குக் கை சுட்டு, "ஆ" என்று உதறிவிட்டுச் சிரித்தேன்.

ஓட்டோ வந்தது. வெங்காயம் போடும் பிளாஸ்டிக் பெட்டியில் சாக்கு விரித்துப் பூனையைப் படுக்க வைத்தோம். எங்கள் பக்கத்திலிருந்து புத்தளத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். அவ்வளவு தூரமும் நான் வாய் மூடவில்லை. எனக்குப் பயம் வந்தால் பேச்சு வரும், சிலருக்கு வயிற்றோட்டம் வருவது மாதிரி. காற்றாலைகளைப் பார்த்து ஒரு பகிடி, களப்பில் நின்ற கொக்கைப் பார்த்து ஒரு பகிடி. ஓட்டோக்காரன் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, "நானா, பூனைக்காவது கொஞ்சம் ஓய்வு குடுங்க" என்றான். மனைவி சிரிக்கவில்லை. பெட்டிக்குள் கையை வைத்தபடி ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தாள்.

மிருக வைத்தியக் கந்தோரில் ஆடு, மாடு, ஒரு கழுதை. பூனையோடு வந்தவர்கள் நாங்கள் மட்டுந்தான். டொக்டர் ஒரு இளம் சிங்களப் பிள்ளை, தமிழ் ஒரு சொல்லும் வராது. என் மனைவிக்குச் சிங்களம் சந்தையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். இருபது வருஷமாகக் குருநாகல், சிலாபம் லொறிக்காரர்களுக்கு வெங்காயம் விற்றுப் பிழைக்கும் எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. ஆகவே நான் உள்ளே போனேன், அவள் திறந்த கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள்.

டொக்டர் பூனையின் பாதங்களைத் திருப்பிப் பார்த்தாள். முன்னங்கால் பாதம் ரோசா நிறம், பின்னங்கால் பாதம் நீலம் பாரித்திருந்தது. பின்னங்கால் நகம் ஒன்றை ஆழமாக வெட்டினாள், இரத்தம் வரவில்லை. குழாயை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டாள். பிறகு தொடை மயிரை விரலால் பிரித்தாள். பிரித்த இடத்தில் மயிர் கொத்தாகக் கையோடு வந்தது. கீழே தோல் சிவந்து, ஈரமாக, ஒரு ஓரம் சுருண்டிருந்தது.

இது என்ன என்று கேட்டாள். உப்பு ஒத்தடம் என்றேன். யார் செய்தது என்று கேட்டாள். நான் என்றேன்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது மாதிரி ஆறுதலாகச் சொன்னாள். இதயத்தில் வருத்தம், வெளியே தெரியாமல் கனகாலம் இருந்திருக்கும். அங்கே உறைந்த ஒரு இரத்தக் கட்டி கீழே போய், இரண்டு காலுக்கும் இரத்தம் பிரியும் இடத்தில் அடைத்துக்கொண்டது. அதுதான் அந்தத் திடீர் நோவு, அதுதான் சதைத் துடிப்பு. இது கெண்டை பிடிப்பு இல்லை. கால் குளிர்ந்து கிடந்தது இரத்தம் போகாததால். இரத்தம் ஓடாத தோலுக்குச் சூட்டைத் தாங்க முடியாது, உடனே வெந்துவிடும். வேகும்போது இழுக்காதது ஏனென்றால், அந்த இடத்தில் உணர்ச்சி செத்துவிட்டது.

சுகமாகக் கிடக்கு என்று மனைவி சொன்னாளே, அது இதுதான்.

பிழைக்குமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். இரவு தாண்டினால் பெரிய விஷயம். விரும்பினால் ஒரே ஊசியில் வேதனையை முடித்துவிடலாம், இல்லாவிட்டால் நோவுக்கு ஊசி போட்டுத் தருகிறேன், சில மணித்தியாலம் அமைதியாக இருக்கும் என்றாள். கடைசியாக விரலை நீட்டி, எனக்கு விளங்க வேண்டும் என்று குரலை உயர்த்தி, "லுணு எப்பா! ரத் கரன்ட எப்பா!" என்றாள். உப்பு வேண்டாம், சூடு வைக்க வேண்டாம்.

வாங்கில் இருந்தவள் எழுந்து கதவடிக்கு வந்துவிட்டாள். "லுணு எண்டாவே! உப்பைத்தானே சொன்னா? உப்பைப் பத்தி என்ன சொல்றா?"

இரண்டு கையும் நெஞ்சோடு. அந்தக் கையால் வறுத்த உப்பு. அவளுடைய வாப்பாவின் காலில் வைத்த உப்பு.

என் வாயை நான் அறிவேன். அதற்கு என்னைக் கேட்டுப் பேசும் பழக்கம் இல்லை. "உப்பு ஒத்தடம் போட்டது நல்லதாம்" என்றேன். "நல்ல வேலை செஞ்சீங்களாம். நோவுக்கு ஊசி போடப் போறாவாம். ஓய்வு எடுத்தாச் சரியாம்."

பிறகு எத்தனையோ நாள் இதை நினைத்து என் தலையிலேயே குட்டிக்கொண்டிருக்கிறேன். சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, கொஞ்சம் இழுத்து லூணு என்றால் வெங்காயம். "உப்பு இல்ல புள்ள, வெங்காயம் எண்டா. பூனைக்கு வெங்காயம் குடுக்க வேணாமாம்" என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அது உண்மையும்கூட, பூனைக்கு வெங்காயம் ஆகாது. இருபது வருஷம் வெங்காயம் விற்றவனுக்கு அந்த ஒரு நேரத்தில் வெங்காயம் ஞாபகம் வரவில்லை.

டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவி அவளைப் பார்த்து நன்றியோடு தலையை அசைத்தாள். டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊசியைப் போட்டாள். முடித்துவிடும் அந்த ஊசியைப் பற்றி நான் மனைவியிடம் வாயே திறக்கவில்லை. சரியாகும் என்று சொன்ன வாயால் அதை எப்படிக் கேட்பது?

திரும்பி வரும்போது அவள் கதைத்தாள், நான் வாய் மூடி இருந்தேன். "காலம்பிற கதிரையில ஏறி நிண்டீங்களே, அதைப் படம் பிடிச்சு வெச்சிருக்கணும்" என்றாள். ஓட்டோக்காரனுக்கும் சொன்னாள். இரண்டு பேரும் என்னை வைத்துச் சிரித்தார்கள். வாப்பா இருந்தால் உப்பு விஷயத்தைக் கேட்டு எவ்வளவு பெருமைப்படுவார் என்றாள். பூனை ஊசி மயக்கத்தில் பெட்டிக்குள் தாடையை வைத்துக் கிடந்தது.

அசர் பாங்கு சொல்லும்வரை அது அப்படியே கிடந்தது. பிறகு ஊசி விட்டது. முதலில் முதுகு நடுங்கியது, பிறகு இடுப்புச் சதை இழுத்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துக் கத்தியது, காலையில் கத்திய அதே கத்து.

மனைவி எழும்பினாள். "பயப்படாதீங்க. டொக்டரே நல்லம் எண்டுட்டாவே" என்றாள். குசினிக்குள் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது, உப்பைக் கொட்டும் சத்தம் கேட்டது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். எழும்பிப் போய், அடுப்பை அணைத்து, "புள்ள, நான் பொய் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். ஐந்து எட்டு நடக்க வேண்டும், நாலு சொல் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. அவள் முடிச்சோடு வாசலில் வந்து நின்றபோது நான் நிலத்தில் விழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ், கெண்டை!" என்று அலறினேன்.

"என்ன?"

"கெண்டை பிடிச்சிட்டு! சாகப்போறன்! உப்பைக் கொண்டா, இஞ்ச வை, இஞ்ச!"

"இந்த நேரத்துலயா?"

"கெண்டை நேரம் பாத்தா வரும்?"

வாழ்க்கையில் நான் நடித்ததிலெல்லாம் மிகத் திறமான நடிப்பு அதுதான். உருண்டேன், பல்லைக் கடித்தேன், பெருவிரலை விறைப்பாக்கினேன். பூனையை விட உரத்துக் கத்தினேன். அவள் பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பகிடிக்காரன் என்றாலும் புருஷன். "ரெண்டு நிமிஷம் பொறு தங்கம், இவரை எழுப்பிவிட்டு வாறன்" என்று பூனையிடம் சொல்லிவிட்டு என் காலடியில் குந்தினாள். பூனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முடிச்சை என் கெண்டைக்காலில் வைத்தாள்.

சுட்டது. இரத்தம் ஓடுகிற, உணர்ச்சியுள்ள, தடித்த தோல் என்னுடையது. கண்ணில் தண்ணீர் வந்தது. இதைத்தான் மூன்று தடவை வைத்தோம், இன்னும் சூடாக்கச் சொன்னேன் என்று நினைத்தேன். அவள் எடுத்து எடுத்து வைத்தாள். "விடுதா? விடுதா?" என்று கேட்டாள். விட்டது என்று சொன்னால் முடிச்சு அங்கே போய்விடும். "இல்ல, இன்னும் இல்ல" என்றேன்.

அவளுடைய தோளுக்கு மேலால் எனக்குப் பூனை தெரிந்தது. அது கத்துவதை நிறுத்தியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு எடுத்தது, பழையபடி சத்தமில்லாத வாய். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் தூரம் கூடிக்கொண்டு போனது. நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. அப்போதும் நான் "இன்னும் இல்ல" என்றுதான் சொன்னேன்.

எவ்வளவு நேரம் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. உப்பு ஆறிவிட்டது. அவள் அதை மறுபடி சூடாக்க எழும்பித் திரும்பினாள்.

நான் எதிர்பார்த்தது ஏச்சு. உங்கட காலாலதான் போச்சு என்பாள், நீங்களும் உங்கட கெண்டையும் என்பாள், சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்போம் என்று நினைத்தேன். அவள் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறிப்போன முடிச்சு கையிலேயே இருந்தது.

"நான்தான் விட்டுட்டன்" என்றாள். "மருந்து கையில இருந்துது. டொக்டரும் சொல்லிட்டா. வாப்பா தந்ததுக்கு வைக்காம, ஆரோக்கியமா இருக்கிற உங்களுக்கு வெச்சுக்கொண்டு இருந்திட்டன்."

கிணற்றடி மணலில் குழி தோண்டினேன். சிரட்டையால் அவளும் அள்ளினாள். என் கால் கொப்பளித்திருந்தது, நொண்டிக்கொண்டுதான் மண்ணைத் தள்ளினேன். கெண்டை இன்னும் விடவில்லையா என்று கேட்டாள்.

அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குசினியில் உப்புச் சாடியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கையை விட்டாள். இப்படி ஒரு கிழமை போனது. எட்டாம் நாள் நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரத்தக் கட்டி, நீலப் பாதம், கையோடு வந்த மயிர், லுணு எப்பா, முடித்துவிடும் ஊசி, நான் சொன்ன பொய், வராத கெண்டை. ஒரு பகிடியும் கலக்காமல் சொன்னேன். உப்பு வைத்திருந்தால் பிழைத்திராது, உப்பு அதைச் சுட்டது, சுடச் சொன்னது நான் என்று சொன்னேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், எனக்குத்தான் ஏதோ வருத்தம் என்பது மாதிரி.

"என்னை ஆறுதல்படுத்த எண்டு இவ்வளவையும் யோசிச்சீங்களா?" என்றாள். "பாவம் நீங்க. ஆனா வாப்பாட மருந்தைப் பழி சொல்லாதீங்க."

"சத்தியமா புள்ள. வா, நாளைக்கே புத்தளம் போவம். அந்த டொக்டர்ட வாயாலயே கேள்."

"கேட்டு?" என்றாள். "அவ சொல்றதையும் நீங்கதானே எனக்குச் சொல்லணும்."